ஈரானுக்குக் கெடு வைத்த தபால்காரர்

அவர் ஈரானுக்குக் கெடு வைத்த அன்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடாத மழை. கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் முப்பது பெண்கள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் நிற்கிறோம். தராசுக்குப் பக்கத்தில், ஒரு பொட்டு நனையாத சட்டையோடு, தபால் பையை மார்பில் அணைத்துக்கொண்டு அவர் நின்றார்.

“பத்து நாளு. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. அந்த மெஷினை எல்லாம் கழட்டி வெளியில வச்சிரணும்” என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல் எனக்கு முன்னால் நின்றவள் கேட்டாள். ஈரானை என்றார். அவள் கூடையை இறக்கித் தராசில் மாட்டிக்கொண்டே, “சரிங்கண்ணே, இந்தப் பக்கம் வந்தாங்கன்னா சொல்லிர்றேன்” என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. அவருக்கு அது கேட்கவில்லை. பெரிய நாடுகளின் காரியம் பார்க்கிறவர்களுக்குச் சின்ன ஆட்களின் சிரிப்பு காதில் ஏறாது போலிருக்கிறது.

அவர் எங்கள் தோட்டத்துத் தபால்காரர். அரசாங்கத் தபால்காரர் இல்லை. லயம் என்று தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளுக்கு அரசாங்கத் தபால் வராது. தோட்டம் முழுவதுக்கும் ஒரே பை, அதைச் சுமக்கத் தோட்டம் வைத்த ஒரு ஆள். காலையில் பஸ் ஏறிக் கினிகத்தேனைக்குப் போய், தபால் கந்தோரில் பையை வாங்கிக்கொண்டு, பதினொரு மணி பஸ்ஸில் திரும்பி, சந்தியிலிருந்து மேலே நடந்து வந்து தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில் ஒப்படைக்க வேண்டும். பையில் துரையின் பத்திரிகைகளும் இருக்கும். பங்களா கேட்டைத் தொடுகிற வரைக்கும் அவை இவருடையவை. பாதி வழியில் ரோடு வளைகிற ஒரு முடக்கு, அதில் ஒரு பாறை. அங்கே உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். பிறகு மடிப்பார். அப்படி மடிக்க ஆள் கிடையாது. இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும். துரைக்கு உலகம் தெரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கொழுந்துதான் எடுத்தோம்.

மேல் லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்தது அவருடையது. நடுவில் இருந்ததைச் சுவர் என்று சொல்லக்கூடாது. பலகை. அவர் சம்சாரத்தை நான் மதினி என்று கூப்பிடுவேன். நான் புருஷன் இல்லாதவள், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தேன். கூட்டத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டால் “இருக்கேங்க” என்று நான் சொல்வது பக்கத்தில் நிற்கிறவளுக்குத்தான் கேட்கும். இப்படிப்பட்டவளுக்குப் பலகைக்கு அந்தப் பக்கம் அப்படிப்பட்ட ஆள் வாய்த்தால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வருஷக் கணக்கில் கேட்டேன்.

அவர் எப்போதும் பெரியவன் பக்கம். “விடமாட்டோம்” என்பார். விடமாட்டோம் என்றால் யார் என்று பார்த்தால் அமெரிக்கா. ஈராக்கில் பெரிய குண்டு இருக்கிறது என்று சொல்லிச் சண்டைக்குப் போனார்களே, அந்த மாதம் அவருக்குச் சோறு தின்ன நேரமில்லை. எந்த வழியாகப் போக வேண்டும், எந்தப் பாலத்தை முதலில் பிடிக்க வேண்டும் என்று இஸ்தோப்புத் திண்ணையில் கரிக்கட்டையால் கோடு போட்டுக் காட்டினார். மதினி அதை மறுநாள் சாணி போட்டு மெழுகிவிட்டாள். பிறகு நாடு முழுக்கத் தேடியும் குண்டு இல்லை என்று அதே பத்திரிகை எழுதியது. அன்றைக்கு மதினி கேட்டாள்.

“அப்போ இல்லாத சாமானுக்கா அத்தனை சனத்தைக் கொன்னாங்க?”

“இல்லேன்னு யாரு சொன்னது? கெடைக்கலேன்னுதான் சொல்றாங்க” என்றார்.

இந்தப் பதிலை நான் தேயிலை நிரையில் நின்று கொழுந்து எடுக்கும்போதெல்லாம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். செத்துப்போனவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாராவது போய் விளக்கிச் சொல்லியிருப்பார்களா என்று.

தூரத்துச் சண்டைக்குத்தான் இந்த வீரம் எல்லாம். வடக்கில் நடந்த நம் நாட்டுச் சண்டையைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. ஒரு தடவை கண் ஆஸ்பத்திரிக்கு அவரோடு ஒரே பஸ்ஸில் போனேன். வழியில் செக்பொயின்ட். எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய்க்கு மீசை கூட முளைக்கவில்லை. பையில் என்ன என்று கேட்டான். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, “மாத்தயா, தோட்டத்துத் தபால் மாத்தயா” என்று சிங்களத்தில் குழைந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் குழைந்தோம். ஆனால் பஸ் கிளம்பி இரண்டு வளைவு தாண்டவில்லை, ஈரானை என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஈராக் முடிந்ததும் ஈரான் என்று அவருக்கு முன்பே தெரியுமாம். அங்கே ஏதோ மண்ணைப் பொடியாக்கி, மெஷினில் போட்டுச் சுற்றுகிறார்களாம். சுற்றச் சுற்ற அது குண்டுக்கான சரக்காக மாறுமாம். கேட்டால் கரண்டுக்கு என்று சொல்கிறார்களாம்.

“கரண்டுக்காம். யாரு காதுல பூ சுத்துறான்?” என்றார்.

அப்போது கொழுந்துக் கொட்டகைக்கு மேலே கம்பிகள் இரைந்துகொண்டிருந்தன. பொல்பிட்டியவில் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்களே, அதைக் கொண்டுபோகிற பெரிய கம்பிகள் எங்கள் தேயிலை மலை மேலேதான் போகின்றன. மழை நாளில் வண்டுக் கூட்டம் மாதிரிச் சத்தம் போடும். அந்தக் கம்பிக்குக் கீழே இருந்த எங்கள் லயங்களில் குப்பி லாம்பு. டீவி பார்க்கிறவர்கள் கார் பேட்டரி வாங்கி வைத்திருப்பார்கள். அது இறங்கிவிட்டால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சார்ஜ் போட்டு வர வேண்டும். கரண்ட் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்து, மனு எழுதியவரே செத்துப்போனார்.

“கரண்டுக்குன்னா அதுல என்னண்ணே தப்பு? நாமளுந்தானே கேக்கிறோம்” என்றாள் கூடைக்காரி ஒருத்தி.

நாம் ஒழுங்காக மனுப் போட்டுக் கேட்கிறோம், அவன் கேட்காமல் செய்கிறான், அதுதான் தப்பு என்றார் அவர். மனுப் போட்டவர்களுக்குக் கரண்ட் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருடைய கொள்கை மூன்றே வரி. பகையாளியிடம் பேசக் கூடாது. பேசினால் இளக்காரம். அடைத்துப் போட்டு, அவனாகக் கதவைத் திறந்துகொண்டு வருகிற வரைக்கும் இறுக்க வேண்டும். வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. இதை அவர் பாக்டரி வாசலில் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரிய டீமேக்கர் கேட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனுசன், ஆனால் நாக்கில் அரம்.

“தபால்கார ஐயா, நம்ம பக்கத்துத் தூளு எங்க போகுதுன்னு தெரியுமா? அதுல பெரும் பங்கைக் குடிக்கிறவன் ஈரான்காரன். நீங்க அடைச்சிட்டா அவன் தேத்தண்ணி இல்லாம ஒரு மாசம் இருந்துருவான். நாம சோறு இல்லாம எத்தனை நாளு இருப்போம்?”

அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். நாலாம் நாள் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து தெளிவாகக் கேட்டது.

“தேயிலைக்கு மட்டும் விலக்குக் குடுக்கலாம்.”

இந்த ஆள் ஈரானோடு நின்றிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஈரான் பெரிய நாடு, இவருடைய கெடுவால் அதற்கு ஒரு தும்மல் கூட வந்திருக்காது. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் மேல் லயத்தில் இவரைக் கோயில் கமிட்டிக்குச் செயலாளராக வைத்திருந்தோம். இவருக்கு அதிகாரம் என்று இருந்தது அது ஒன்றுதான். பகை என்றும் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கீழ் லயம்.

மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவில் கல் படிகள், ஒரு ஓடை. கோயில் ஒன்றுதான். திருவிழாத் தேர் எந்த லயத்துக்கு முதலில் போவது என்று ஒரு வருஷம் கைகலப்பாகி இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அது ஆறி வருகிற நேரத்தில்தான் என் மருமகன் ஓடையில் சக்கரம் வைத்தான்.

என் மகள் செல்வியைக் கீழ் லயத்தில்தான் கொடுத்திருந்தேன். மருமகன் ஹட்டனில் ஒரு கராஜில் வேலை பழகியவன். சும்மா இருக்க மாட்டான். தண்ணீர் மேல் லயத்தைத் தாண்டிக் கீழே விழுகிற இடத்தில் தகரத்தில் வாளி வாளியாக அடித்து ஒரு சக்கரம் செய்து, பழைய மோட்டார் ஒன்றைப் பூட்டி, சுற்றிலும் தகரக் கொட்டகை போட்டுப் பூட்டும் போட்டான். முதலில் அவர்கள் வீட்டில் மட்டும் ஒரு பல்பு மஞ்சளாக எரிந்தது. பிறகு அந்த வரிசை முழுக்க. எங்கள் தண்ணீரில் ஒரு சொட்டுக் குறையவில்லை. எங்களைத் தாண்டிப் போன தண்ணீர்தான் அது.

தபால்காரர் மேலே நின்று அதைப் பார்த்தார். சுற்றுகிற சாமான் என்றாலே அவருக்கு ஆகாது. “இன்னைக்குப் பல்புன்னு சொல்லுவான். நாளைக்கு வேலியில கரண்ட் விடுவான்” என்றார்.

மருமகனும் லேசுப்பட்டவன் இல்லை. அவனைப் பற்றியும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். வாய் சும்மா இருக்காது. யாரோ இதைப் போய்ச் சொன்னவுடன், “ஆமா, ஒரு கம்பிய இழுத்து மேல் லயத்துப் படியில கட்டப் போறேன். தொட்டுப் பாக்கச் சொல்லுங்க உங்க செயலாளரை” என்று சொல்லி அனுப்பினான். விளையாட்டாகச் சொன்னேன் அத்தே என்று பிறகு என்னிடம் சொன்னான். பயந்துகொண்டிருக்கிறவனிடம் விளையாடுகிறவனுக்கும் புத்தி மட்டுத்தான். அன்றைக்கு மேல் லயத்தில் பிள்ளை வைத்திருக்கிற பெண்கள் உண்மையாகவே பயந்தார்கள்.

தபால்காரர் கமிட்டியில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பரிசோதனைக்குப் போனார். பரிசோதனை என்றுதான் சொன்னார். மருமகன் பூட்டைத் திறந்து சக்கரத்தையும் மோட்டாரையும் காட்டினான். இவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை விளங்காதது என்று சொல்ல வாய் வராமல், வீட்டுக்குள்ளே பார்க்க வேண்டும் என்றார். வீட்டைக் காட்டினார்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதில் தன் துணிமணி இருக்கிறது, திறக்க மாட்டேன் என்று செல்வி சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். படியேறி வந்து கோயில் முன்னால் நின்று அறிவித்தார்.

“காட்ட மறுத்துட்டாங்க. இல்லேன்னா ஏன் மறுக்கணும்?”

பெட்டிக்குள் செல்வி பிறக்கப் போகிற பிள்ளைக்குக் கிழிந்த சேலையில் தைத்து வைத்திருந்த துணிகள் இருந்தன. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

பத்து நாள் கெடு கொடுத்தார். பத்து நாளும் சக்கரம் சுற்றியது. பதினோராம் நாள் கோயிலில் கூட்டம் போட்டு அடைப்பு வைத்தார்கள். மெஷினைக் கழற்றுகிற வரைக்கும் கீழ் லயத்து ஆள் மேல் லயத்துப் படி ஏறக் கூடாது. மேல் லயத்து ஆள் கீழே இறங்கக் கூடாது. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்துக் கிடையாது. பேச்சுக் கிடையாது. மீறுகிற வீட்டுக்கும் இதேதான். நான் பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

மருமகனுக்குத் தாய் இல்லை. கீழே அந்த வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்களில் எழுதாத சட்டம். ஏழாம் மாதம் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். கூட்டி வந்தால் எனக்கும் அடைப்பு. தனிக்கட்டைக்கு அடைப்பு என்றால் என்ன என்று கூட்டத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியாது. காய்ச்சலில் கிடந்தால் ஒரு வாய் சுடுதண்ணீர் கொடுக்கப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் ஆள். செத்தால் தூக்க நாலு பேர் வேண்டும்.

இதில் பெரிய வேடிக்கை, துரையின் வேலைக்கு அடைப்புக் கிடையாது. மலையில் எங்களையும் கீழ் லயத்துப் பெண்களையும் கங்காணி பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் விட்டார். என் நிரைக்கு அடுத்த நிரையில் செல்வி வயிற்றைத் தூக்கிக்கொண்டு கொழுந்து எடுத்தாள். கால் வீங்கியிருந்தது தெரிந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் நான் செடியைப் பார்த்துக்கொண்டே, “உப்பைக் குறைச்சுக்க” என்றேன். அவளும் செடியைப் பார்த்துக்கொண்டு, “ம்” என்றாள். ஒரு தாயும் மகளும் தேயிலைச் செடியிடம் பேசிக்கொண்டு நின்றதற்கு இந்த ஆளுடைய கொள்கை காரணம்.

அடைப்பு ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு பேட்டரிகள் இறங்கின. டவுனில் சார்ஜ் போடப் பஸ் செலவு, ஒரு நாள் வேலை போய்விடும். கீழே மருமகனுடைய கொட்டகையில் சும்மா ஏறுகிறது. மேல் லயத்துப் பெண்களுக்குக் கணக்கு விளங்க அதிக நாள் ஆகவில்லை. பேட்டரியைச் சாக்கில் சுற்றிக் கொழுந்துக் கூடைக்குள் வைத்து, மேலே நாலு பிடி கொழுந்தைத் தூவி, மலையில் கைமாற்றினார்கள். மறுநாள் அதே வழியில் நிறைந்து வந்தது. கமிட்டி ஆட்களின் வீட்டுப் பேட்டரிகளும் போயின. மதினியின் பேட்டரியை நானே ஒரு தடவை சுமந்தேன். டவுனுக்குக் கொடுத்தனுப்பியதாக அவள் வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

அதனால் தபால்காரர் ஈரானை அடைத்துப் போட்டிருக்கிற செய்தியைத் தினமும் என் மருமகன் ஏற்றிக் கொடுத்த கரண்டில்தான் பார்த்தார். லயம் முழுக்க இது தெரியும், அவர் ஒருவரைத் தவிர. “பாத்தியா, அடைப்பு வேலை செய்யுது” என்று மதினியிடம் சொல்வார். ஆமாங்க, நல்லா வேலை செய்யுது என்பாள் அவள்.

ஏழாம் மாதம் வந்தது. நான் மதினி மூலமாகக் கேட்டுப் பார்த்தேன். என் மகள் மட்டும், பிள்ளை பெறுகிற வரைக்கும். பலகை வழியாகவே பதில் வந்தது. ஒருத்திக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டிவரும், இந்த நேரத்தில்தான் உறுதியாக இருக்க வேண்டும், அவர்கள் தளர்கிற நேரம் இது. தேயிலைக்கு விலக்கு உண்டு. என் மகள் வயிற்றுக்குக் கிடையாது.

இன்னும் ஒரு மாதம் பயத்திலேயே போனது. அதற்கு மேல் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லோரும் பார்க்க, படி இறங்கிக் கீழே போனேன். செல்வி என்னைப் பார்த்ததும் அந்தப் பெட்டியை எடுத்து மருமகன் கையில் கொடுத்தாள். மூன்று பேரும் படி ஏறினோம். அவளுக்கு மூச்சு வாங்கியது, இரண்டு படிக்கு ஒரு தடவை நின்றாள்.

மேல் படியில் தபால்காரர் நின்றார், பின்னால் கமிட்டியில் இரண்டு பேர். லயத்துச் சனம் இஸ்தோப்புகளில் நின்று பார்த்தது. மதினியும் நின்றாள்.

“அங்கேயே நில்லு தங்கச்சி. நான் வேணாம்னு சொல்லல. உன் மருமகன் மெஷினைக் கழட்டட்டும். இப்பவே கூட்டிட்டுப் போ” என்றார்.

“வந்து கழட்டிப் பாருங்க” என்றான் பின்னாலிருந்து மருமகன்.

“பாத்தியா, பேசுற பேச்சை?”

இரண்டு பேரும் என் மகளுக்கு மேலாகவும் கீழாகவும் நின்று ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் படியோரக் கல்லைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இவர்களுக்கு அவள் தெரியவே இல்லை. பெரியவர்கள் முறைத்துக்கொள்ளும்போது நடுவில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற வழக்கம் உலகத்தில் எங்கேயும் கிடையாது என்று நினைக்கிறேன்.

என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. அவர் வீட்டு டீவி எந்தக் கரண்டில் ஓடுகிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். நிமிர்ந்தபோது மதினியின் முகம் கண்ணில் பட்டது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சொன்னால் அன்றைக்கு அவளுக்கு அடி விழும். அந்த வார்த்தையை விழுங்கினேன். அதை விழுங்கிய பிறகு வேறு வார்த்தை தானாகவே வந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

“அண்ணே, நீங்க பகையாளிகிட்டப் பேச மாட்டீங்க. சரி, பேச வேணாம். கொஞ்சம் நகந்தாப் போதும்.”

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அவர் ஆதரவுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். கமிட்டி ஆட்களில் ஒருவர் ஏற்கெனவே வேலியோரம் ஒதுங்கி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அவருடைய பேட்டரியும் அப்போது கீழே கொட்டகையில்தான் இருந்தது. மற்றவர் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். இவர் நகர்ந்தார் என்று சொல்வது கூட அதிகம். ஒரு பக்கத்துத் தோளைத் திருப்பினார். அந்த இடைவெளியில் என் மகள் பக்கவாட்டாக ஏறி வந்தாள்.

மனிதாபிமானத்தை முன்னிட்டுத் தற்காலிக அனுமதி கொடுத்திருப்பதாக அன்று பின்னேரம் கோயிலில் அறிவித்தார். அதே மூச்சில் எனக்கும் அடைப்பு வைத்தார். சொன்னது மாதிரியே ஒருவரும் என் வாசலுக்கு வரவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு நான் போனால் பேச்சு நிற்கும். வாய்விட்டு ஏசினால் கூடப் பரவாயில்லை, இந்த மௌனம்தான் கொல்லும். செல்வி, “என்னாலதானேம்மா” என்பாள். வாயை மூடிக்கொண்டு படு என்பேன்.

அந்தச் சக்கரத்தை யாரும் கழற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் எந்த லயமும் எரியவில்லை, ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை. அடுத்த வருஷத்துப் பெருமழையில் ஓடை அதைக் கொட்டகையோடு அடித்துக்கொண்டு போனது. தபால்காரர் அதையும் தன் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிறந்தது. ஆண் பிள்ளை. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு முதல் தண்ணீர் ஊற்றுகிற கை ஒன்றுதான். அத்தனை பிள்ளைகளுக்கும் மண்டை பிடித்து, மூக்கு நீவி, கை கால் உருவி விட்டவள் மதினி. என் செல்விக்கும் அவள்தான் ஊற்றினாள். இப்போது அவளைப் போய்க் கூப்பிட முடியாது. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, பச்சைப் பிள்ளை வழுக்கும். ஆனாலும் வேறு வழியில்லை என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெந்நீர் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் மத்தியானச் செய்தி ஆரம்பித்தது. அதே நேரம் பின்கதவு திறந்தது. மதினி. இடுப்பில் சொருகிய முந்தானையில் மஞ்சளும் பூண்டும் இருந்தன.

“அவரு ஈரானைப் பாத்துக்கிட்டு இருக்காரு. முடியிறதுக்குள்ள ஊத்திருவோம்” என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் பெருங்காயம், இன்னொருத்தி கையில் ஒரு கட்டு விறகு. மதினி தரையில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, காலை நீட்டி, பிள்ளையை வாங்கிக் காலில் போட்டுக்கொண்டாள். தண்ணீரை உள்ளங்கையில் விட்டுச் சூடு பார்த்தாள். பிள்ளை வீறிட்டான். நான் பயந்து பலகையைப் பார்த்தேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் அவருக்குப் பிள்ளைச் சத்தம் கேட்கத்தான் செய்திருக்கும். டீவியின் சத்தத்தைக் கூட்டினார். அதற்கும் மேலே குரலை உயர்த்தி, வீட்டில் இல்லாத மதினியிடம் சொன்னார்.

“இன்னும் ஒரு வாரம் இறுக்கினாப் போதும். மண்டி போட்டுருவான்.”

“போடட்டும், போடட்டும்” என்றாள் மதினி, பிள்ளையின் முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே. “நீ காலை நீட்டுடா ராசா.”